காணாது

இரவு பத்துக்கு வேலை தொடங்கும்.
பீற்றர்பரோவில், சுற்றுப்பாதை ஓரத்துப் பெரிய கடை.
நிரப்புவதுதான் என் வேலை என்று
ஒப்பந்தத்தில் இருக்கிறது.
இந்த மாசி முழுக்க நான் செய்தது மறைப்பது.

பின்னால் கிடக்கும் பொதிகளை
முன்னுக்கு இழுத்து நிறுத்தவேண்டும்,
ஒரு வரிசை மட்டும்.
எதிரில் நின்று பார்த்தால் தட்டு நிறைந்திருக்கும்.
கையை விட்டால்
முழங்கை வரை வெறுமை.

மரக்கறிப் பக்கத்துக்கு
மேலிடம் மட்டை அனுப்பியிருக்கிறது:
தக்காளியின் வண்ணப்படம், நீர்த்துளிகளோடு.
நிமிர்த்தி வைத்துவிட்டு
ஆரும் பார்க்கவில்லையே என்று
ஒருக்கா முகர்ந்தும் பார்த்தேன்.
அச்சு மை.

'தக்காளி காணாது' என்றேன் இசக்கியப்பனிடம்.
அவன் உடனே குனிந்து தட்டுக்கு அடியில் தேடினான்.
'காணோமா? இப்பதானே ரெண்டு பெட்டி இருந்துச்சு?'
இருக்கிறதப்பா. இருக்கிறது காணாது.

அவன் அம்பாசமுத்திரத்துக்காரன்.
அவனுக்குக் காணாதது தொலைந்தது.
எனக்குக் காணாதது போதாதது.
'காணும்' என்று எங்கள் பக்கம் சொன்னால்
தட்டைக் கையால் மறிக்கிறோம் என்று அர்த்தம்,
இனிப் போடாதேயுங்கோ.
வெங்காய மூட்டையில் சாய்ந்து
இரண்டு பேரும் அப்படிச் சிரித்தோம்.
மனேஜர் டெரன் வந்து என்ன பகிடி என்று கேட்டார்.
ஆங்கிலத்தில் அது பகிடியாக வரவில்லை.

ஆளுக்கு மூன்று என்று எழுதி ஒட்டியிருக்கிறோம்.
மூன்று பழமா, மூன்று பொதியா
என்று ஒருவர் சண்டைக்கு வந்தார்.
ஸ்பெயினில் குளிராம்.
மொரோக்கோவில் மழையாம்.
கண்ணாடிக் கூடாரங்களைச் சூடாக்கக்
காசில்லையாம் இங்கே.
காரணங்கள் மட்டும் ஒவ்வொரு நாளும்
தவறாமல் வந்து இறங்கின.

கடை மூடக் கால்மணி இருக்க மொறீன் வந்தாள்,
வீதிக்கு அந்தப்பக்கத்துப் பப்பை நடத்துகிறவள்.
அவள் வாசல் கரும்பலகையில் மூன்று நாளாக ஒரே எழுத்து:
சலாட் இல்லை. லாகர் இல்லை.
நாங்கள் இருக்கிறோம்.
ஒன்பது பொதி வேண்டும் என்றாள்.
நாளைக்கு ஒரு செத்தவீட்டுச் சாப்பாடு,
நாற்பது பேர்,
போனவருக்குத் தக்காளி சூப் என்றால் உயிராம்.
நான் அறிவித்தலைக் காட்டினேன்.
அவள் அதை முழுசாக வாசித்தாள்,
மூன்றை எடுத்துக்கொண்டு போனாள்.

இசக்கி பெயர்ப்பட்டையைக் கழற்றிப் பொக்கெற்றுக்குள் போட்டான்.
மூன்று வாங்கினான்.
நானும் கழற்றினேன்.
மழைக்குள் வீதியைக் கடந்து ஓடிக் கொடுத்துவிட்டு வந்தோம்.
பியர் ஊற்றித் தர ஆசை, பீப்பாய் வரவில்லை என்று
ஆளுக்கொரு வினிகர்க் கிறிஸ்ப்ஸ் தந்தாள் மொறீன்.
அதுவும் பாதி நொறுங்கியது.

நாலு பத்துக்கு லொறி.
முன்பு ரிமாஸ் ஓட்டி வருவான்,
லித்துவேனியன்.
பின்கதவைத் திறந்தால் குளிர்ப் புகை வரும்,
அதற்குள் முதலில் அவன் விசில்.
பெட்டிகளை இறக்கி இறக்கி 'காணும்? காணும்?' என்பான்.
என்னிடமிருந்து அவன் பொறுக்கிய ஒரே சொல்.
இன்னும் இன்னும் என்று கை காட்டுவேன்.
ஒக்ரோபரில் ஊருக்குப் போனவன்.
கடதாசி சரிவரவில்லை என்றார்கள்.
பிறகு வந்தவர்கள் ஒவ்வொரு கிழமையும் வேறு வேறு முகம்.
சில இரவுகளில் முகமும் இல்லை.

ஐந்து மணிக்கும் முற்றத்தில் மழை மட்டும்.
மஞ்சள் கோடுகளுக்கு நடுவே
லொறியின் அளவுக்கு ஓர் இடம்
நனைந்துகொண்டிருந்தது.
இசக்கி பின்னால் வந்து நின்றான்.
'இன்னும் காணோமா?'
'காணோம்' என்றேன்,
முதல்முறையாக அவனுடைய தமிழில்.
எதை என்று அவன் கேட்கவில்லை.

உள்ளே போனேன்.
ஆறு மணிக்குக் கதவு திறக்கும்.
மட்டைத் தக்காளியை
ஒரு விரற்கடை முன்னுக்கு இழுத்து வைத்தேன்.